விளக்கைப் போட்டாலும் அளந்து போடு

(தேசிய அறிவியல் நாள் விழாவுக்காகக் கோத்தகிரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, நேற்று இரவு முழுக்கக் காட்டில் இருந்துவிட்டு, கண் மூடாமல் நேராக இங்கே வந்திருக்கும் வனச்சரகர் ஐயா அவர்களே, சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் ஊர்களிலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, நாற்காலி பற்றாமல் ஜன்னலோரம் நிற்கும் என் பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். இந்த அரங்கத்தை வாடகை வாங்காமல் கொடுத்த கட்டடக் குழுவினருக்கும், குளிருக்கு இதமாகச் சுக்குக் காப்பி போட்டுத் தந்த சுயஉதவிக் குழு அக்காமார்களுக்கும் நன்றி சொல்லாமல் மேலே போனால் அது முறையாகாது.

1928ஆம் ஆண்டு இதே பிப்ரவரி 28இல்தான் சர் சி.வி. ராமன் ஒளிச்சிதறல் பற்றிய தம் கண்டுபிடிப்பை எட்டினார். இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு, இணையம் தரும் செயற்கைக்கோள்களைப் பின்தொடர்வது. மூன்று விஷயம் சொல்லலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். அது வானத்தில் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது, அதை நம் கண்ணால் எப்படிப் பார்ப்பது, அப்படிப் பார்க்க வானம் இருட்டாக இருப்பதற்கு நாம் என்ன செய்ய வேண்டும்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று என் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். தேயிலைக்கு உரம் வைக்கும்போதும் அதே பழமொழிதான், தோசைக்கு எண்ணெய் விடும்போதும் அதே பழமொழிதான். விண்வெளிக்காரர்கள் அதை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள். இணையம் தருவதற்காக ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் விட்டிருக்கும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கின்றன. பூமியை ஒருமுறை சுற்ற 95 நிமிடம். அதற்குள் பூமி 24 டிகிரி திரும்பிவிடும். அதனால் இப்போது கோத்தகிரிக்கு மேல் போனது, அடுத்த சுற்றில் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே தள்ளி, கடலுக்கு மேல் போகும். ஒன்று போனதும் அதன் இடத்தைப் பிடிக்க இன்னொன்று வர வேண்டும். ஆயிரக்கணக்கில் விடுவதற்குக் காரணம் இதுதான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜாதகம் உண்டு. இரண்டே வரி. வரிக்கு 69 எழுத்து. பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வட்டமாக இருக்கிறது, ஒரு நாளில் எத்தனை சுற்று, குறித்த நேரத்தில் பாதையில் எந்த இடத்தில் இருந்தது, எல்லாம் அதற்குள் அடக்கம். அதை வைத்து ஒரு பள்ளிப் பிள்ளைகூட, எந்த நிமிடம் எந்தத் திசையில் எழும்பும் என்று கணினியில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அந்த ஜாதகம் சில நாளில் பழசாகிவிடும். அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு, அது இழுத்துக்கொண்டே இருக்கும். 2022 பிப்ரவரியில் 49 செயற்கைக்கோள்களை ஒன்றாக விட்டார்கள். சூரியனிலிருந்து வந்த புயலில் மேல் வளிமண்டலம் உப்பி, உயரம் ஏறும் முன்பே பெரும்பாலானவை கீழே விழுந்து எரிந்துபோயின.

பக்கத்தில், ஊட்டிக்கு அருகே முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை இங்கே சொல்லியாக வேண்டும். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் எழுந்தது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து சுமார் 11 டிகிரி வடக்கே இருக்கிறது. அதே 11 டிகிரி சரிவுள்ள மலையாகத் தேடிப் பிடித்துக் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஒரே அச்சில் உருட்டினால் போதும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு விண்பொருளை விடாமல் தொடரலாம். மலையையே அளந்து கருவி செய்திருக்கிறார்கள்! உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிள்ளைகளே.

சரி, பார்ப்பதற்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், இரவு ஏழு மணி இருக்கும், கோத்தகிரியிலிருந்து கீழே ஹட்டிக்குப் போகும் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். கேரட் மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடமில்லை. ஒரு கொண்டை ஊசி வளைவில் டிரைவர் அண்ணன் சட்டென்று வண்டியை நிறுத்திவிட்டார். காட்டெருமை என்று நினைத்து எல்லோரும் மூச்சுக்கூட விடவில்லை. அவர் விளக்குகளை அணைத்துவிட்டு, "மேலே பாருங்க, மேலே பாருங்க" என்கிறார். இறங்கிப் பார்த்தால், வானத்தில் நூல் பிடித்த மாதிரி வரிசையாக விளக்குகள்! சத்தமே இல்லை. ஒருவர் விமானம் என்றார். ஒருவர் பக்கத்து நாட்டுக்காரன் வேலை என்றார். கண்டக்டர் தம்பி டிக்கெட் எண்ணுவது போல ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பத்தெட்டு வரைக்கும் வந்து, விட்டுவிட்டார். பின் சீட்டிலிருந்து இறங்கிய ஒரு பாட்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கை கூப்பினார். "ஹெத்தையம்மன் ஊர்வலம் போறா" என்றார். படுகர்கள் கும்பிடும் அந்த அம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்தி வரிசையாக நடந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அச்சு அசல் அப்படித்தான் இருந்தது. அந்தப் பாட்டியைவிட அழகாக அதைச் சொன்னவர் யாரும் இல்லை. என்னவென்று தேடிப் பார்க்க என் போனில் சிக்னல் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், புதிதாக விட்ட ஸ்டார்லிங்க் வரிசை அது. உயரம் ஏறி, இடைவெளி விட்டுப் பிரிவதற்கு முந்தைய நாட்களில் அப்படித்தான் தெரியும்.

அப்புறம் அதே பாட்டியையும், அதே கண்டக்டரையும், நாற்பது பிள்ளைகளையும் ஹட்டி மைதானத்துக்கு ஒருநாள் வரச் சொன்னேன். ஒரே ஒரு செயற்கைக்கோள், அதன் சுற்றுப்பாதையில் நிலைகொண்டது, 7 மணி 12 நிமிடத்துக்குத் தென்மேற்கில் எழும்பும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். செயற்கைக்கோளில் பட்டுத் திரும்பும் வெயில்தான் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. நம் ஊரில் சூரியன் நேராகக் கீழே இறங்குவதால், மறைந்த பின் ஒன்றரை மணி நேரம்தான் அந்த உயரத்தில் வெயில் இருக்கும். அதற்குள் பார்த்தால் உண்டு. நிலைகொண்டவை மங்கலானவை, நல்ல இருட்டு வேண்டும். 7 மணி 6 நிமிடம். எதிர்ச் சரிவில் இருந்த ஒரு தங்கும் விடுதியில் ஏதோ விருந்து, மரங்களுக்கெல்லாம் ஃபிளட் லைட் போட்டுவிட்டார்கள். வானம் வெளிறிப்போயிற்று. 7.12 வந்தது, போனது. "எங்கே கண்ணு, எங்கே?" என்று பாட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். என் கணக்கில் ஒரு நொடி தவறில்லை. ஆனால் காட்ட முடியவில்லை.

அன்றிலிருந்து எனக்கு இது ஒன்றே வேலை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறோமே, விளக்கை ஏன் அளக்காமல் போடுகிறோம்? வழிக்கு வெளிச்சம் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. யானையும் எருமையும் வரும் ஊர் இது. ஆனால் வெளிச்சம் கீழே விழட்டும். வானத்துக்கு எதற்கு? தெருவிளக்குக்கு மேலே ஒரு மூடி, வெள்ளை வெளேர் எல்இடிக்குப் பதில் மஞ்சள் நிறம், இரவு பத்துக்கு மேல் கட்டடங்களுக்கு அலங்கார விளக்கு இல்லை, இவ்வளவுதான் கேட்கிறேன். நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் என்று 1986இல் இந்த மலைகளை அறிவித்தார்கள். வௌவாலும் விட்டில்பூச்சியும் நம்பியிருப்பது இந்த இருட்டைத்தான். லடாக்கில் ஹான்லேயைச் சுற்றி 2022இல் இருள்வானக் காப்பகம் அறிவித்தார்கள். அங்குள்ள கிராமத்தார் விளக்குக்கு மூடி போட்டிருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியும், தலைவர் அவர்களே.

நம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே 2022இலும் 2023இலும் ஒன்வெப் நிறுவனத்தின் 72 இணையச் செயற்கைக்கோள்கள் போயின. இனியும் போகும். மேலே விடுகிறவர்களிடம், பிரதிபலிப்பைக் குறைத்துச் செய்யுங்கள் என்று வானியலாளர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கீழே இருக்கும் விளக்கை யாரிடம் கேட்பது? நாம்தான் கேட்க வேண்டும். வாசலில் ஒரு மனு வைத்திருக்கிறேன், தமிழில்தான் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மணி 6.55. இன்று 7.16க்கு வடமேற்கில் ஒன்று எழும்புகிறது. மைதான விளக்கை 7 மணிக்கே அணைத்துவிடுவதாகத் தலைமையாசிரியர் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது வேண்டும், போனைப் பைக்குள் வையுங்கள். சால்வை எடுத்துக்கொள்ளுங்கள், பனி இறங்கிவிட்டது. அந்தப் பாட்டியை அவர் பேரன் கூட்டி வந்திருக்கிறான். அவருக்கு முன்னால் ஒரு நாற்காலி போடுங்கள், வாருங்கள் போவோம்.