பாலம் மூடப்படும் நாளுக்கான திட்டம்

அவையோருக்கும் மீனவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் என் வணக்கம்.

பேரிடர் மேலாண்மையையும் கடலோரப் பாதுகாப்பையும் இரு வேறு துறைகளின் பணிகளாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையிலான நம் இராமநாதபுரம் மாவட்டக் கரையிலோ, இரண்டின் பாரமும் கடைசியில் ஒரே மக்களின் தோளில்தான் இறங்குகிறது. எனவே இரண்டுக்கும் ஒரே திட்டம் வேண்டும் என்றும், பாம்பன் பாலங்கள் மூடப்பட்டு இராமேசுவரம் தனித்துவிடும் நாளை முன்வைத்து அதை எழுதத் தொடங்க வேண்டும் என்றும் வலியுறுத்தவே வந்திருக்கிறேன்.

1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடிக்கு நடந்ததை இந்த மாவட்டத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலை அலை கொண்டுபோனதையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம்; அதே புயலில் ரயில் பாலமும் சிதைந்தது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அதைச் சீரமைத்தது பெரும் சாதனை. ஆனால் அன்று சாலைப் பாலமும் இல்லாத தீவு, அந்த நாட்கள் முழுவதும் கடல்வழியை மட்டுமே நம்பியிருந்தது. இன்று 1988 முதல் சாலைப் பாலமும், 2025-இல் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலமும் இருக்கின்றன. எனினும் இரண்டும் அருகருகே, ஒரே நீரிணையின் மேல் நிற்கின்றன. ஒரே காற்று இரண்டின் போக்குவரத்தையும் நிறுத்திவிடக்கூடும்.

2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான ஆணையம் உள்ளாட்சிகளைக் கலந்து மாவட்டத் திட்டத்தை வகுத்து, ஆண்டுதோறும் அதை மறுஆய்வு செய்ய வேண்டும். அந்தக் கலந்தாய்வு மீன் இறங்குதளங்களிலும் நடக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. 2004 ஆழிப்பேரலையின்போது இலங்கை மறைத்து நின்றதால் நாகையும் கடலூரும் பட்ட பாடு நமக்கு நேரவில்லை. அந்த நிம்மதி அசட்டையாக மாறிவிடக் கூடாது.

இனி பாதுகாப்பு. 2008-இல் மும்பையைத் தாக்கியவர்கள் ஒரு மீன்பிடிப் படகைக் கைப்பற்றியே கரையை நெருங்கினார்கள். அதன்பின் படகுகளுக்கு வண்ண அடையாளம், மீனவர்களுக்கு அடையாள அட்டை, 'சாகர் கவச்' என்னும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை என்று பல ஏற்பாடுகள் வந்தன. மண்டபத்தில் கடலோரக் காவல்படையும், உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளமும் இருக்கின்றன. ஆனாலும் அறியாத படகொன்று வந்தால் அதை முதலில் காண்பவர் வலையிலிருக்கும் மீனவரே. எல்லையருகே கைதாகும் அச்சத்தோடு தொழில் செய்யும் அவரைச் சந்தேகத்தோடு மட்டுமே அணுகினால், அவர் கண்டது நம் காதுக்கு வந்து சேராது.

கடலுக்குச் செல்ல மீன்வளத் துறை விசைப்படகுகளுக்குத் தரும் அனுமதி டோக்கனை எடுத்துக்கொள்வோம். எந்தப் படகு கடலுக்குப் போனது, எது இன்னும் திரும்பவில்லை என்பதற்கு அதுவே அடிப்படைக் கணக்கு. புயலில் மீட்புப் படைக்குத் தேவைப்படுவதும், அந்நியப் படகைப் பிரித்தறியும் காவலருக்குத் தேவைப்படுவதும் அதே கணக்குத்தான். 2017-இல் ஒக்கிப் புயலின்போது கடலில் இருந்த குமரி மீனவர்கள் எத்தனை பேர் என்பதிலேயே எழுந்த குழப்பத்தை நாடே பார்த்தது. நம் நாட்டுப்படகுகளுக்கும் வத்தை எனும் சிறு படகுகளுக்கும் இத்தகைய கணக்கை ஊர்க் கமிட்டிகள் எழுதிவைத்து, நாள்தோறும் ஒரே கட்டுப்பாட்டு அறைக்குச் சேர்ப்பிக்க வேண்டும்.

மற்றொரு கூட்டத்தாரை நம் திட்டங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் திரளும் யாத்திரிகர்களுக்குப் பாம்பனில் ஏற்றப்படும் புயல் கூண்டின் எண் ஒன்றும் சொல்லாது. பலருக்குத் தமிழ் அறிவிப்பும் புரியாது. அவர்களை எங்கே தங்கவைப்பது, எந்தெந்த மொழிகளில் அறிவிப்பது என்பதையும் முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, செப்டம்பரிலேயே, இரு பாலங்களும் மூடப்பட்டதாகக் கொண்டு தீவில் ஓர் ஒத்திகை நடத்துமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பிரசவ வலி கண்ட பெண்ணை எங்கே சேர்ப்பது, மின்சாரம் நின்றால் குடிநீர் ஏற்ற எவ்வளவு டீசல் இருப்பில் வேண்டும், செல்பேசிக் கோபுரம் சாய்ந்தால் எந்தப் படகின் வயர்லெஸ் வழியாக மண்டபத்தை அழைப்பது ஆகியவற்றை அன்று நேரில் சோதித்துப் பார்க்க வேண்டும். மீனவர் சங்கங்கள் அதில் அழைப்பாளர்களாக மட்டும் இராமல், ஒத்திகையை வகுக்கும் குழுவிலேயே இடம்பெற வேண்டும்.