வெளிச்சமும் வேலை நேரமும்: ஹேஸ்கல் வெக்ஸ்லர்

சுங்கை சிப்பூட் வட்டார நேயர்களுக்கு வணக்கம். ஒளிப்பதிவில் பேரெடுத்ததோடு ஆவணப்பட இயக்கத்திலும் ஆழமாக இறங்கிய ஒருவரைப் பற்றிப் பேச அழைத்தார்கள். தோட்டப்புற மக்களிடம் பேசுவதென்றால், எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்கரான ஹேஸ்கல் வெக்ஸ்லர்.

1922-இல் சிகாகோவில் பிறந்து 2015-இல் மறைந்த அவர், ஒளிப்பதிவுக்காக இருமுறை ஆஸ்கார் விருது பெற்றவர். விருதைவிட, 1967-இல் வெளிவந்த 'இன் தி ஹீட் ஆஃப் தி நைட்' படத்தில் அவர் செய்த ஒரு காரியமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. வெள்ளைத் தோலுக்கென்று பழகிப்போன பலத்த வெளிச்சம் கறுப்பு முகத்தில் விழுந்தால் நெற்றியும் கன்னமும் பளபளக்குமே தவிர, முகபாவம் தெரியாது. வெக்ஸ்லர், கறுப்பினக் கதாநாயகர் சிட்னி பாய்ட்டியரின் நிறத்துக்கேற்ப வெளிச்சத்தைத் தணித்தார். மணமகளை வெளுக்க வைத்தே படம்பிடிக்கும் நம்மூர் ஸ்டூடியோக்காரர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

1976-இல் வந்த 'பவுண்ட் ஃபார் குளோரி' படத்தில், பிழைப்புத் தேடி வந்த விவசாயக் கூலிகளின் முகாமைக் காட்ட, நடையின் குலுக்கலைத் தாங்கும் ஸ்டெடிகேம் என்னும் புதுக் கருவி பயன்பட்டது. அதை உடலில் மாட்டிய கலைஞர், உயரத்திலிருந்து கிரேனில் இறங்கி, கால் தரையில் பட்டதும் அப்படியே கூட்டத்துக்குள் நடந்து செல்கிறார். காட்சி எங்கும் அறுபடுவதில்லை.

ஆவணப்படங்களை அவர் நெடுங்காலமாகவே எடுத்து வந்தார். 1963-இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக வாஷிங்டனில் நடந்த பேரணிக்குப் பேருந்தில் சென்றவர்களோடு பயணம் செய்து படமெடுத்தார். 1971-இல் பிரேசில் சிறைகளில் வதைபட்டுச் சிலியில் தஞ்சம் புகுந்தவர்களின் வாக்குமூலங்களைப் பதிவு செய்தார்.

ஆனாலும், எண்பது வயதைக் கடந்தபின் தம் சொந்தத் தொழிலையே விசாரித்து எடுத்த 'ஹூ நீட்ஸ் ஸ்லீப்?' என்ற படத்தைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். 1997-இல் உதவி ஒளிப்பதிவாளர் ஒருவர் 19 மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குக் காரோட்டிச் செல்லும் வழியில் கண்ணயர்ந்து, விபத்தில் இறந்துபோனார். ஒரு நாள் வேலை 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று திரைத்தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டும் நிலைமை மாறவில்லை. ஏன் மாறவில்லை என்று கேட்டு, வெக்ஸ்லர் சிறிய கேமராவோடு கிளம்பினார். மருத்துவர்களையும் தொழிலாளர்களையும் கேட்டதோடு நில்லாமல், தம் தொழிற்சங்கத்தாரையும் விடவில்லை. தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்காக விடியுமுன் எழுந்த தலைமுறைக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை.

12 மணி நேர வேலை, 12 மணி நேர ஓய்வு என்பது அவர் கோரிக்கை. விடியற்காலை முகூர்த்தம் முதல் இரவு விருந்து வரை கேமராவைச் சுமந்துவிட்டு, நள்ளிரவில் ஈப்போ சாலையில் காரோட்டும் நம் பிள்ளைகள், கூலி பேசும்போதே நேரத்தையும் பேசிக்கொள்வது நல்லது.