எந்த மில்லி?

நேயர்களுக்கு வணக்கம். குழந்தைகள் வார்டில் 28 வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான்.

ஒரு ராத்திரி, காய்ச்சலில் துவண்டு கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அம்மா வந்தார். நிறுத்துப் பார்த்தேன், சரியாக 10 கிலோ. "போன தடவை டாக்டர் 6 மில்லி கொடுக்கச் சொன்னாங்க சிஸ்டர், அதையே இப்பவும் கொடுத்துடவா?" என்று பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். எடுத்தது சிரப் பாட்டில் இல்லை, சொட்டு மருந்து. எனக்குப் பகீரென்றது.

ஏனென்று சொல்கிறேன். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. 10 கிலோவுக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி வரும். அதே 5 மில்லியில் 250 இருந்தால் 3 மில்லி. சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். ஒன்றரை மில்லி போதும். அதில் 6 மில்லி ஊற்றியிருந்தால் 600 மில்லிகிராம். நாள் முழுக்க நான்கு வேளையாகக் கொடுக்க வேண்டியது ஒரே மடக்கில் உள்ளே போயிருக்கும். அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கிற மருந்து அது.

பேச்சில் எல்லாவற்றையும் "மில்லி" என்று சுருக்கிவிடுகிறோம். மில்லிகிராம் என்பது மருந்தின் எடை. மில்லிலிட்டர் அது கலந்திருக்கும் திரவத்தின் அளவு. பாட்டில் மாறினால் இரண்டுக்கும் உள்ள கணக்கும் மாறும்.

செவிலியர் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளே, இது உங்களுக்கு. ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி மருந்தின் குப்பியில் 2 மில்லிக்கு 80 மில்லிகிராம். 2 கிலோ பச்சைக் குழந்தைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று டாக்டர் எழுதியிருந்தால் 10 மில்லிகிராம், அதாவது 0.25 மில்லி. 5 மில்லி சிரிஞ்சில் அதை அளக்க முடியாது, 1 மில்லி சிரிஞ்சை எடுங்கள். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் இரண்டரை மில்லி ஆகிவிடும். ஒரு குப்பி பற்றாது. பச்சைக் குழந்தைக்கு ஊசி போட இரண்டாவது குப்பியை எடுக்கக் கை போகிறதா? அங்கேயே நில்லுங்கள். கணக்கை மறுபடி போடுங்கள், பக்கத்து சிஸ்டரையும் தனியாகப் போடச் சொல்லுங்கள்.

அரை மில்லியை 0.5 என்று முன்னால் பூஜ்யம் வைத்தே எழுதுங்கள். வெறும் புள்ளி அவசரத்தில் கண்ணுக்குத் தெரியாது. எடையும் இன்றைக்கு நிறுத்ததாக இருக்கட்டும், ஸ்வெட்டரையும் ஈரத்துணியையும் கழற்றிவிட்டு.

அந்த அம்மாவிடம் ஒரு சிரிஞ்சைக் கொடுத்து, ஒன்றரை மில்லி கோட்டில் பேனாவால் குறித்தேன். "இந்தக் கோடு இந்தப் பாட்டிலுக்கு மட்டும்தாம்மா" என்றேன். அவர் சிரிஞ்சைப் பாட்டிலோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.