குமரிக்கண்டம்: தேவாங்கும் எழுநூறு காவதமும்

(காட்சி: இரவு. அய்யலூர் அருகே வறண்ட முட்காடு. டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னுகின்றன.)

மதுரையிலிருந்து திண்டுக்கல் வழியாகத் திருச்சி செல்லும் சாலையில், அய்யலூரை ஒட்டிய காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும் உடலும், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்களும், குச்சி போன்ற கைகால்களும் கொண்ட இந்தப் பிராணி, பகலெல்லாம் சுருண்டு உறங்கிவிட்டு இரவில் பூச்சி தேடிக் கிளைகளில் ஊர்கிறது. இதற்காகவே கடவூர்ப் பகுதியில் 11,806 ஹெக்டேர் காட்டைத் தமிழ்நாடு அரசு 2022இல் சரணாலயமாக அறிவித்தது. ‘தேவாங்கு மாதிரி முழிக்கிறான்’ என்று பிறரைத் திட்டும்போது மட்டும் நம் நினைவுக்கு வரும் இந்த விலங்குக்கும், கடலடியில் இருப்பதாகச் சொல்லப்படும் குமரிக்கண்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

1864இல் லண்டனில் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் ஒரு புதிருக்கு விடை தேடினார். லெமூர் என்னும் விலங்கினம் மடகாஸ்கர் தீவில் நிறைந்து காணப்படுகிறது; அதன் உறவினங்களில் சில ஆப்பிரிக்காவிலும், தேவாங்கு உள்ளிட்ட சில இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கின்றன. நீந்தத் தெரியாத இந்தச் சிறு பிராணிகள் இந்தியப் பெருங்கடலை எவ்வாறு கடந்திருக்க முடியும்? கண்டங்கள் இடம்பெயரும் என்ற எண்ணமே அன்றைய அறிவியலில் வேரூன்றாததால், இடையில் நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று அவர் ஊகித்து, அந்த நிலத்துக்கு லெமூரின் பெயரையே இட்டு லெமூரியா என்றார். ஜெர்மானிய உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதையே மனித இனத்தின் தொட்டிலாக இருக்கலாம் என்றார். 1888இல் பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் தமது நூலில் அங்கே மனிதருக்கு முந்தைய விந்தை இனங்களைக் குடியேற்றினார். தேவாங்குக்காகப் போடப்பட்ட பாலம் இருபத்துநான்கே ஆண்டுகளில் ஆவியுலகம் வரை நீண்டுவிட்டது.

இந்தச் செய்திகளை ஆங்கிலத்தில் படித்த தமிழறிஞர்களுக்கு, தம் வீட்டு ஏட்டிலேயே அதற்கான சான்று இருப்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை. மதுரையை ஒட்டிய விளாச்சேரியில் பிறந்த பரிதிமாற்கலைஞர், 1903இல் வெளிவந்த தமிழ்மொழியின் வரலாறு என்னும் நூலில் குமரிநாடு என்ற பெயரை எடுத்தாண்டார். குமரிக்கண்டம் என்ற சொல்லோ கச்சியப்பரின் கந்தபுராணத்தில் வருவது. பரத கண்டத்தின் ஒன்பது பகுதிகளில் ஒன்றாகவே அது அங்கே சொல்லப்படுகிறது, மூழ்கிய நிலமாக அன்று. பழைய பெயரும் புதிய ஊகமும் இவ்வாறு ஒன்றாகி, பாடப்புத்தகங்களில் ஏறி, 1981இல் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் ஆவணப்படமாகவும் திரையிடப்பட்டது.

(காட்சி: ஓலைச்சுவடியின் மீது மெல்ல நகரும் கேமரா.)

இனி மூல வரிகளுக்கு வருவோம். பெரும்பாலான காணொளிகள் இவற்றைத் திரையில் ஒரு நொடி காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் வழியில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையோன் பாண்டியனை வாழ்த்துகிறான்: ‘வடிவேல் எறிந்த வான்பகை பொறாது, பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள.’ பாண்டியன் தன்மீது வேல் எறிந்த பகையைப் பொறுக்காத கடல், பஃறுளி ஆற்றையும் குமரிமலையையும் விழுங்கியது என்பது பொருள். கடல்மீது வேல் எறியும் இந்தக் கதை மதுரைக்காரர்களுக்கு அந்நியமானதன்று. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் ‘கடல் சுவற வேல்விட்ட படலம்’ என்றே ஒன்று உண்டு. அங்கே உக்கிரபாண்டியன் வேலெறிந்ததும் கடல் வற்றிப் பின்வாங்குகிறது. ஒரே செயலுக்குக் காப்பியத்தில் கிடைத்தது தோல்வி, புராணத்தில் கிடைத்தது வெற்றி. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே, ஏழு கடல்களும் வந்து புகுந்த குளத்தின் பெயரைத் தாங்கி எழுகடல் தெரு இன்றும் இருக்கிறது. கடற்கரையே இல்லாத ஓர் ஊர் கடலைப் பற்றி இத்தனை கதைகளை வைத்திருப்பது, பாண்டியரின் செல்வம் கொற்கைத் துறையின் முத்திலிருந்து வந்ததை எண்ணிப் பார்த்தால் புரிந்துகொள்ளக் கூடியதே.

இறையனார் அகப்பொருள் உரை கூறும் முச்சங்க வரலாறு அடுத்தது. கடல்கொண்ட தென்மதுரையில் முதற்சங்கம் 4440 ஆண்டுகளும், கபாடபுரத்தில் இடைச்சங்கம் 3700 ஆண்டுகளும், இன்றைய மதுரையில் கடைச்சங்கம் 1850 ஆண்டுகளும் நடந்தனவாம். மூன்று எண்களையும் 37ஆல் வகுத்துப் பாருங்கள். முறையே 120, 100, 50 என்று மிச்சமின்றி வகுபடுகின்றன. உண்மையான ஆட்சிக்காலங்களின் கூட்டுத்தொகைகள் மூன்று முறையும் இப்படி ஒரே எண்ணால் வகுபடுவது நம்பத் தகுந்ததாக இல்லை. இது யாரோ அமர்ந்து கட்டிய கணக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. முதற்சங்கத்தில் ‘திரிபுரமெரித்த விரிசடைக் கடவுளும், குன்றெறிந்த முருகவேளும்’ புலவர்களோடு அமர்ந்திருந்தார்கள் என்று அதே உரை சொல்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கை வரலாறு என்று எடுத்துக்கொள்பவர்கள் அடுத்த வரியைப் புராணம் என்று ஒதுக்குவதற்கு என்ன அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்பதை நான் இதுவரை எந்தக் காணொளியிலும் கேட்டதில்லை.

கண்டத்தின் பரப்புக்கு ஆதாரம் அடியார்க்குநல்லாரின் சிலப்பதிகார உரை. பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே எழுநூறு காவதம் என்றும், அதில் ஏழ்தெங்க நாடு, ஏழ்மதுரை நாடு, ஏழ்குறும்பனை நாடு என ஏழேழாக நாற்பத்தொன்பது நாடுகள் இருந்தன என்றும் அவர் எழுதுகிறார். காவதம் என்பது காதம். அகராதி தரும் பத்து மைல் கணக்கை எடுத்துக்கொண்டால் எழுநூறு காவதம் 7000 மைல் ஆகும். கன்னியாகுமரியிலிருந்து நேர்தெற்கே தென்துருவம் வரையிலான தூரமே சுமார் 6,800 மைல்தான். உரையை எழுத்துக்கு எழுத்து நம்பினால், பாண்டிய நாடு துருவத்தைத் தாண்டி மறுபுறம் இறங்க வேண்டியிருக்கும்.

ஆனால் இதே உரைமரபில் இன்னொரு குறிப்பும் இருக்கிறது. கண்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் அதை ஏனோ தொடுவதில்லை. கலித்தொகையின் 104ஆம் பாடல், ‘மலிதிரை ஊர்ந்துதன் மண்கடல் வௌவலின்’ பாண்டியன் மனம் தளராமல் பகைவர் நாட்டுக்குள் புகுந்து, சோழரின் புலியையும் சேரரின் வில்லையும் நீக்கித் தன் கெண்டையைப் பொறித்தான் என்கிறது. கடலிடம் இழந்த நிலத்துக்கு ஈடாக அவன் பெற்றவை எவை என்று பழைய உரைக்குறிப்பு சொல்கிறது: சோழநாட்டு எல்லையில் முத்தூர்க் கூற்றம், சேரநாட்டில் குண்டூர்க் கூற்றம். கூற்றம் என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு சிறிய நாட்டுப்பிரிவு. இழந்தது ஒரு கண்டம் என்றால், இரண்டு கூற்றங்களைப் பெற்றுக்கொண்டு நிறைவடையும் அரசனைப் புலவர் இப்படிப் பாடியிருக்க மாட்டார். பாடலின் இயல்பான பொருளைக் கொண்டால், கடல் எடுத்தது கரையோர நிலப்பகுதி. கொடுமையான இழப்புதான், ஆனால் ஈடுகட்டக் கூடிய அளவிலான இழப்பு.

நிலவியலும் இதற்கு மாறாகப் பேசவில்லை. 1912இல் ஆல்ஃபிரெட் வெகனர் முன்வைத்து, 1960களில் நிலத்தட்டுக் கோட்பாடாக உறுதிப்பட்ட கருத்தின்படி, மூழ்கிய பாலம் தேவைப்படாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தவை. மொரீஷியஸ் தீவின் எரிமலைப் பாறைகளில் 300 கோடி ஆண்டுப் பழமையான சிர்கான் என்னும் கனிம மணிகள் கிடைத்ததாக 2017இல் ஆய்வு வெளியானபோது ‘லெமூரியா கிடைத்துவிட்டது’ என்று ஒரு அலை எழுந்தது. மணிகள் உண்மை, அவை காட்டும் கண்டத்துண்டும் உண்மை. ஆனால் அது உடைந்து சிதறியபோது பூமியில் மனிதன் இல்லை, தமிழும் இல்லை.

அப்படியானால் கடல்கோள் என்பதே கட்டுக்கதையா என்றால், அப்படிச் சொல்லவும் நான் தயாராக இல்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அன்று தரை. இராமநாதபுரத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நடந்தே போகலாம். குமரிமுனைக்குத் தெற்கிலும் பல கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் வெளியே தெரிந்தது. அதற்கப்பால் கடலடி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், அங்கே மட்டும் எந்தப் பனியுகமும் தரையைக் காட்டவில்லை. பின்னர் பனி உருகியது. சுமார் 14,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் வீதம் நீர் ஏறியது. கரையோரத்தில் பிறந்த ஒருவர் அறுபது வயது வாழ்ந்தால், விளையாடிய மணல்மேடு தம் தலைக்கு மேல் நீரில் இருப்பதைக் கண்டிருப்பார். ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் வாய்மொழிக் கதைகள் 21 கடலோர இடங்களில் இத்தகைய நிலமிழப்பை 7,000 ஆண்டுகளுக்கு மேலாக நினைவில் வைத்திருப்பதாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தமிழ் நினைவு அவ்வளவு தொலைவு செல்கிறதா, அல்லது சங்ககாலத்துக்குச் சற்று முன் நேர்ந்த ஒரு பேரலையைப் பேசுகிறதா என்பதைப் பாடல் வரிகளை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

கிரஹாம் ஹான்காக் போன்ற எழுத்தாளர்கள் இந்த இடைவெளியில்தான் நுழைகிறார்கள். பூம்புகாருக்கு அப்பால் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பை இந்தியக் கடலாய்வாளர்கள் 1990களின் தொடக்கத்தில் கண்டார்கள். அந்த ஆழம் கடலுக்குள் போனது பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு. எனவே அமைப்பும் அவ்வளவு பழையது என்பது ஹான்காக்கின் வாதம். ஆழத்தை வயதாக மாற்றும் இந்தக் கணக்கு, காவிரி வண்டலின் மேல் அமர்ந்த அந்தக் கரை தன் பங்குக்குத் தாழவே இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் செல்லும். அந்த அமைப்பிலிருந்து காலம் கணிக்கத்தக்க ஒரு பானையோடு கூட இதுவரை முன்வைக்கப்படவில்லை. கீழடியை இந்தக் கதையில் இணைப்பவர்களுக்கும் ஒரு செய்தி: அங்கே 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் பொது ஆண்டுக்கு முன் 580. கடல் ஏறி நின்றதற்கும் அந்தக் காலத்துக்கும் இடையே நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன.

(காட்சி: தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் தேரி. ஒரு கை குனிந்து எதையோ பொறுக்குகிறது.)

மன்னார் வளைகுடாவின் ஆழமற்ற அடித்தரையில் மனிதத் தடயம் தேடப்படுமானால், எதைத் தேட வேண்டும் என்பதற்குத் தரையிலேயே ஒரு மாதிரி இருக்கிறது. தென்பாண்டி நாட்டுத் தேரிகளில் நுண்கற்கருவிகள் கிடைப்பதை 1956இல் தொல்லியல் ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் விரிவாக எழுதினார்கள். பனியுகக் கடல் ஏறிக்கொண்டிருந்த நாட்களில் இந்தக் கரைகளில் மீன் பிடித்தும் வேட்டையாடியும் திரிந்தவர்கள் விட்டுச்செல்லக் கூடியவை இவை போன்றவையே: விரல்நகத்தின் அளவுக்கு உடைத்து, ஓரம் தீட்டப்பட்ட படிகக்கல் சில்லுகள். உள்ளங்கையில் வைத்து ஊதினால் மணலோடு பறந்துவிடும்.