ஆலயத்திலா, அடுப்படியிலா?

நடுவர் ஐயா அவர்களே, சபையாரே, தோத்திரம். விசுவாசம் வளர்வது ஆலயத்திலா, அன்றாட வாழ்விலா? நான் அன்றாட வாழ்வின் பக்கம்.

எதிரணி அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லிட்டு உக்காந்தாரு: "பிடியரிசி போட்டா விசுவாசமா? அது சோத்துக் கணக்குல்லா!" நீங்களும் கைதட்டிட்டீங்க. சரி அண்ணாச்சி, கணக்கே பார்ப்போம். பிடியரிசின்னா, சமைக்கிற அரிசியில ஒரு பிடி ஆலயத்துக்குன்னு எடுத்து வைக்கிற காணிக்கை.

நம்ம நெல்லைச் சீமையில உலை கொதிக்கையில அரிசியை அளந்தாச்சு. களையுறதுக்கு முன்னால அதுல ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்துல போடணும். களைஞ்சு எடுத்தா ஈரம். கட்டி பிடிச்சு வாடை வந்துரும். வண்டு விழாம ரெண்டு காய்ஞ்ச மிளகாயும் கிடக்கணும். ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம். ரெண்டு வேளை உலை வச்சா மாசம் 2 கிலோ 400. நூறு வீடு சேர்ந்தா 240 கிலோ! ஆலய வேலையைப் பாக்குற கோயில்பிள்ளை பச்சரிசிக்கு ஒரு சாக்கு, புழுங்கலுக்கு ஒரு சாக்குன்னு பிரிச்சு வாங்குவாரு. கலந்துட்டா புழுங்கல் வேகுறதுக்குள்ள பச்சரிசி குழைஞ்சு போகும், ஏலத்துல எவரும் எடுக்க மாட்டாங்க. ஏலப்பணம் ஊழியத்துக்கு.

1903-ல திருநெல்வேலியில இந்திய மிஷனரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினாங்களே, அந்தப் பணம் வெளிநாட்டிலிருந்தா வந்துச்சு? நம்ம சனங்க காணிக்கை அண்ணாச்சி!

சாப்பிட்டு மிஞ்சினதை யாரும் கொடுப்பாங்க. வீட்டுக்குப் பத்துமா பத்தாதான்னு தெரியுறதுக்கு முன்னாலயே எடுக்குறா பாருங்க, அதைத்தான் நான் விசுவாசம்ங்கேன். வேதத்துல வர்ற சாறிபாத் ஊரு விதவை கடைசிப் பிடி மாவுல முதல் அடையை எலியா தீர்க்கதரிசிக்குத்தானே சுட்டா? எந்த ஆலயத்துல சுட்டா? அவ அடுப்படியில!

ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. பனையேறப் போன புருஷன் விழுந்து படுத்துக் கிடக்கான். பானையில ஆழாக்கு அரிசி. அப்பவும் அவன் பொஞ்சாதி கலயத்தை மறக்கலை. தன் கை பெருசுன்னு சின்ன மகளைக் கூப்பிடுறா: "நீ எடுத்துப் போடு தாயி." அந்தப் பிஞ்சுக் கையில எத்தனை அரிசி நிக்கும்? அதையும் போட்டுட்டு, விரல் இடுக்குல ஒட்டினதைத் தட்டி விடுது பிள்ளை.

மாசக் கடைசியில கோயில்பிள்ளை வாராரு. கலயத்தை வாங்குறாரு, கனமே இல்லை. ஒண்ணும் கேக்கலை. சாக்குல கவுத்துறாரு. அப்புறம் அதே சாக்குல கைவிட்டுக் கலயம் நிறைய அள்ளி, அந்தப் பிள்ளை கையிலயே கொடுக்குறாரு.

அந்தக் கலயத்துல எது எந்த வீட்டு அரிசி? சொல்லுங்க அண்ணாச்சி.