மூச்சு திரும்பும் வரை

நேயர்களுக்கு வணக்கம். மார்கழி, தை மாதங்களில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நடப்பவர்களுக்கு, இறந்து ஒதுங்கிக் கிடக்கும் பங்குனி ஆமை புதிய காட்சியன்று. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் அவை நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோது, கடலில் நஞ்சு கலந்துவிட்டதோ என்று பலரும் அஞ்சினார்கள். ஆனால் கால்நடை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்த உடல்களில் மூச்சுத் திணறலின் அடையாளங்களே தென்பட்டன. கடலில் வாழ்ந்தாலும் ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். அமைதியாக இருக்கையில் வெகுநேரம் மூச்சடக்கும் அந்த உயிர், இழுவலைக்குள் சிக்கித் திமிறும்போது பிராணவாயுவை விரைவாகச் செலவழித்துவிடுகிறது. வலையோ மணிக்கணக்கில் இழுபடுகிறது.

நான் பல ஆண்டுகளாகத் துறைமுகத்தில் சொல்லிவருவது இதுதான்: வலையில் அசைவின்றி வரும் ஆமையெல்லாம் செத்த ஆமை அல்ல. மயங்கிய ஆமையை உடனே கடலில் தள்ளினால், அது மூழ்கித்தான் சாகும்.

காசிமேட்டு விசைப்படகு ஓட்டுநர் ஒருவர் இதைக் கேட்டு, முதலில் நம்பாமல் தலையசைத்துவிட்டுப் போனார். பிறகு ஒரு நாள் இரவு அவருடைய வலையிலேயே ஆமை வந்திருக்கிறது. வயிறு கீழே இருக்கும்படி தளத்தில் கிடத்தி, பின்பக்கம் ஒரு சாண் உயரும்படி பழைய டயரை அடியில் வைத்து, ஓட்டின்மேல் நனைந்த சாக்கைப் போட்டிருக்கிறார். மூக்கு வழியாகத் தண்ணீர் வடிந்ததாம். விடியும் நேரத்தில், சைக்கிள் டியூபில் காற்றுப் போவதைப் போல ஒரு நீண்ட மூச்சு கேட்டதாம். அதன் பிறகும் அவசரப்படாமல், அது தலையைத் தூக்கித் துடுப்புகளை அடிக்கத் தொடங்கியதும் இயந்திரத்தை நிறுத்திக் கடலில் இறக்கியிருக்கிறார். சில ஆமைகளுக்கு ஒரு நாள் முழுவதும் தேவைப்படலாம். மறுபடியும் சொல்கிறேன்: பின்பக்கம் உயர வேண்டும், உடல் ஈரமாக இருக்க வேண்டும், காத்திருக்க வேண்டும்.

படகில் ஆமை இருந்தால் வழக்கு வருமோ என்ற அச்சத்திலேயே பலர் உடனே தள்ளிவிடுகிறார்கள். காப்பாற்றுவதற்காக வைத்திருப்பவருக்குத் தொல்லை வராது என்பதை வனத்துறையும் மீன்வளத்துறையும் துறைமுகத்தில் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மீன் உள்ளே போகவும் ஆமை வெளியேறவும் வழிவிடும் கம்பிச் சட்டகத்தை வலைக்கென உருவாக்கியிருக்கிறது. பிடிபட்ட மீனும் தப்பிவிடுமே என்ற மீனவரின் கவலை நியாயமானது. எவ்வளவு குறைகிறது என்பதை அவர் படகிலேயே, அவர் கண்முன் அளந்து காட்டினால்தான் அவர் அதைப் பொருத்துவார்.

நேரம் நெருங்கிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் பட்ட பாட்டை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இப்போது அவசியமானதை மட்டும் சொல்கிறேன். எண்ணெய் படிந்த பறவையைக் கண்டால் உடனே கழுவாதீர்கள். குளிரிலும் அச்சத்திலும் தளர்ந்திருக்கும் அது, கழுவுவதையே தாங்காமல் இறக்கக்கூடும். வாயைத் திறந்து எதையும் ஊட்டாதீர்கள். துணி விரித்த, காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். வணக்கம்.