21 வௌவால்கள் என்று எழுதிய அனுமதி 140 ஆனது எப்படி?

[திரையில்: மாவி தீவின் தெற்குச் சரிவில் நிற்கும் காற்றாலைகள்]

எட்டுக் காற்றாலைகள். 25 ஆண்டுகளுக்கு ஓர் அனுமதி. அந்த அனுமதியில் ஓர் எண்: 21. அந்த 25 ஆண்டுகளில் இந்தக் காற்றாலைகளால் 21 வௌவால்கள் வரை இறந்தால் சட்டம் தண்டிக்காது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்த வரம்பு தீர்ந்துபோனது. 2019-இல் அனுமதியைத் திருத்தினார்கள். இப்போது அதே இடத்தில் இருக்கும் எண் 140.

படித்தவுடன் கோபம் வருகிறதல்லவா? கோட்டைத் தாண்டியவருக்காகக் கோட்டையே நகர்த்தி வைத்தது போலத் தோன்றுகிறது. பொறுங்கள். அந்த 140-ஐ எப்படிக் கணக்கிட்டார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்யலாம். வனவிலங்குச் சட்டங்களில் நான் பார்த்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்த கணக்கு இதுதான்.

இடம் ஹவாய். காற்றாலைத் திட்டத்தின் பெயர் அவுவாஹி.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் 1973-இல் வந்தது. பட்டியலில் உள்ள விலங்கைக் கொல்லவோ காயப்படுத்தவோ யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வேறு நோக்கத்துடன் செய்யும் ஒரு வேலையில், விரும்பாமலே ஓர் உயிர் போய்விடலாம் என்றால்? 1982-இல் சட்டத்தைத் திருத்தி அதற்கு ஒரு வாசல் திறந்தார்கள். வாழிடப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை எழுதிக் கொடுத்து, பாதிப்பை இயன்ற அளவு குறைத்து, மீதிக்கு ஈடு செய்வதாக ஒப்புக்கொண்டால் அனுமதி கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோ அருகிலுள்ள சான் புரூனோ மலையில், ஒரு நீல வண்ணத்துப்பூச்சிக்காகப் போட்ட திட்டமே இதற்கு முன்மாதிரி. 2000-இல் மத்திய வனவிலங்குத் துறை தன் கையேட்டில் ஒரு முக்கியமான சேர்க்கை செய்தது. அந்த உயிரினத்தைப் பற்றிய நம் அறிவில் பெரிய ஓட்டை இருந்தால், திட்டத்தில் தகவமைப்பு மேலாண்மை இருந்தாக வேண்டும். அதாவது கண்காணி, பார்த்ததிலிருந்து கற்றுக்கொள், நடைமுறையை மாற்று. அனுமதி வாங்கியவருக்கு இது கடமை. பின்னணி அவ்வளவுதான்.

[திரையில்: ஹவாய் நரை வௌவால்]

இப்போது நம் கதாநாயகனைச் சந்திப்போம். ஹவாய் மொழியில் ஓபேஅபேஅ. அந்தத் தீவுகளில் இன்று வாழும் ஒரே பூர்வீகத் தரைவாழ் பாலூட்டி இதுதான். எடை 14 முதல் 18 கிராம். இதன் மூதாதையர் வட அமெரிக்கக் கண்டத்திலிருந்து பசிபிக் பெருங்கடலைக் கடந்து பறந்து வந்தவர்கள். நடுவில் இறங்கி இளைப்பாற நிலமே இல்லாத 3,600 கிலோமீட்டர்! குகையில் கூட்டமாகத் தொங்கும் வௌவால் அல்ல இது. மரக்கிளையில் தனித்துத் தங்கும், பெரும்பாலும் இரட்டைக் குட்டி போடும். 1970 முதல் அருகிவரும் இனப் பட்டியலில் இருக்கிறது.

தனித்து, சிதறி, இலைகளுக்குள் மறைந்து வாழ்வதால் இதை எண்ண முடிவதில்லை. மொத்தம் எத்தனை இருக்கின்றன என்று யாரிடமும் நம்பகமான எண் கிடையாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்த வீடியோவை நான் எடுக்கவே காரணமான பகுதி இதுதான். காற்றாலை அடியில் எத்தனை வௌவால்கள் இறந்தன என்று எப்படித் தெரியும்?

போய்த் தேடினால் தெரியும் என்பீர்கள். தேடுகிறார்கள். குறித்த நாள்களில், குறித்த தூரம் வரை கோபுரத்தைச் சுற்றி நடக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். கல்யாணப் பந்தியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று உங்களைக் கேட்கிறார்கள். நீங்கள் பந்தியைப் பார்க்கவில்லை. மறுநாள் கொல்லைப்புறத்தில் கிடக்கும் இலைகளை மட்டும்தான் எண்ணலாம். இரவில் மாடு சில இலைகளைத் தின்றுவிட்டது. சில வேலிக்கு அப்பால் பறந்துவிட்டன. இருட்டு மூலையில் கிடப்பது உங்கள் கண்ணில் படவில்லை. பத்து இலைகள் கிடைத்தன என்பதற்காகச் சாப்பிட்டது பத்துப் பேர் என்று சொல்வீர்களா?

ஹவாயில் மாட்டின் வேலையைச் செய்வது கீரி. அதுவும் இந்தியக் கீரி! கரும்புத் தோட்டத்து எலிகளைப் பிடிக்க 1883-இல் ஜமைக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஜமைக்காவுக்கு அது இந்தியாவிலிருந்து போயிருந்தது. எலி இரவில் திரியும், கீரி பகலில் திரியும், அதனால் நினைத்தது நடக்கவில்லை. கீரி மட்டும் தங்கிவிட்டது. காலையில் காற்றாலை அடியில் விழுந்து கிடக்கும் 15 கிராம் வௌவால், கீரிக்கும் பூனைக்கும் ஒரு வாய் உணவு.

அப்படியானால் காணாமல் போனவற்றை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது? இங்கேதான் எனக்கு வியப்பு. கண்காணிப்பவர்களையே சோதிக்கிறார்கள். வௌவாலுக்குப் பதிலாகச் செத்த எலிகளைக் காற்றாலை அடியில் யாருக்கும் தெரியாமல் வைக்கிறார்கள். ஒரு சோதனையில், அந்த எலி எத்தனை நாள் அங்கேயே கிடக்கிறது என்று பார்க்கிறார்கள். இது கீரிக்கான சோதனை. இன்னொன்றில், தேட வருபவர் அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கிறார்கள். இது மனிதருக்கான சோதனை.

[திரையில்: 0.7 × 0.8 × 0.7]

எடுத்துக்காட்டாக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். விழும் உடல்களில் 70 சதவீதம் தேடும் பரப்புக்குள் விழுகின்றன. அவற்றில் 80 சதவீதம் தேடும் நாள் வரை கிடக்கின்றன. கிடப்பவற்றில் 70 சதவீதத்தைத் தேடுபவர் கண்டுபிடிக்கிறார். மூன்றையும் பெருக்கினால் 0.39. இறந்தது பத்து என்றால் கண்ணில் படுவது ஏறக்குறைய நான்கு.

சரி, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்றால்? பூஜ்ஜியம்தானே, நிம்மதி என்று வீட்டுக்குப் போகலாமா? கூடாது. ஒரு வௌவால் கண்ணில் படாமல் தப்பும் வாய்ப்பு சுமார் 0.6. மூன்று இறந்து மூன்றுமே தப்பும் வாய்ப்பு 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.216, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். எதுவும் கிடைக்காத ஆண்டிலும் மூன்று வௌவால்கள் இறந்திருக்கலாம் என்பதை ஒதுக்கித் தள்ள முடியாது.

அமெரிக்க நிலவியல் ஆய்வகம் இதற்காகவே ஒரு கணினி நிரல் எழுதி 2014-இல் வெளியிட்டது. ஹவாயில் அதைக் கொண்டுதான் கணக்கிடுகிறார்கள். 'இறந்தவை இதற்கு மேல் இருக்காது' என்று 80 சதவீத உறுதியோடு சொல்லக்கூடிய எண்ணை எடுத்து, அதை அனுமதியின் கணக்கில் எழுதுகிறார்கள். பால் கொடுக்கும் பருவத்தில் தாய் இறந்தால், மரத்தில் காத்திருந்த குட்டிகளும் கணக்கில் சேரும். ஆகவே 21, 140 என்பவை கையில் எடுத்த உடல்களின் எண்ணிக்கை அல்ல. கிடைத்தவை, கிடைக்காமல் போனவை, தாயை இழந்த குட்டிகள் எல்லாம் அடங்கிய எண்கள்.

இதன் அழகைக் கவனியுங்கள். சந்தேகத்தின் பலன் வௌவாலுக்குப் போகிறது. சரியாகத் தேடாத நிறுவனத்துக்குக் கணக்கில் எண் ஏறுகிறது. நன்றாகத் தேடினால் எண் இறங்குகிறது. கண்ணை மூடிக்கொள்வதால் லாபம் இல்லை. அதனால் நிறுவனங்களே காசு செலவழித்து மோப்ப நாய்களைக் கொண்டுவருகின்றன, கீரிக்குப் பொறி வைக்கின்றன, புல்லை வெட்டுகின்றன. பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில் நாய்கள் 73 சதவீத வௌவால்களைக் கண்டுபிடித்தன, மனிதர்கள் 20 சதவீதம்தான். சுற்றுச்சூழல் விதிகளை எழுதும் எல்லோரும் இந்த ஒரு யோசனையையாவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அறியாமைக்கு விலை வைக்க வேண்டும், அந்த விலையை அனுமதி வாங்கியவர் கொடுக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு அடியில் நடந்து பழகியவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தால், அங்கே பறவையோ வௌவாலோ விழுந்து கிடந்து பார்த்திருக்கிறீர்களா என்று கீழே எழுதுங்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எண் ஏறிவிட்டது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? தகவமைப்பு என்ற கடமை கடிக்க வேண்டிய இடம் இதுதான். ஹவாய்த் திட்டங்களில் மொத்த வரம்பைப் படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு படி நிரம்பப் போகிறது என்றால், அடுத்த படிக்கான ஈட்டு வேலைகளை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். காடு வளர்த்தல், ஆடு மாடு நுழையாமல் வேலி போடுதல், ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தல் ஆகியவை அந்த வேலைகள். காற்றாலையை ஓட்டும் விதமும் மாற வேண்டும்.

ஓட்டும் விதம் என்றால் என்ன? வௌவால்கள் அதிகம் இறப்பது காற்று மெதுவாக வீசும் இரவுகளில். புயல் காற்றில் 15 கிராம் உயிர் வெளியே வராது. மெல்லிய காற்றில் இறக்கைகள் சுழன்றாலும் கிடைக்கும் மின்சாரம் சொற்பம். அப்படியானால் அந்த நேரத்தில் இறக்கைகளைச் சுழலவிடாமல் வைத்தால் என்ன? பென்சில்வேனியாவில் கேசல்மேன் காற்றாலைத் தளத்தில் 2008, 2009-இல் சோதித்தார்கள். காற்று வினாடிக்கு 5 மீட்டரை, சில இரவுகளில் 6.5 மீட்டரை எட்டிய பிறகே சுழலவிட்டார்கள். வௌவால் இறப்பு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு மின் உற்பத்தியில் இழப்பு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு சதவீதத்துக்கும் குறைவு! இதைக் கேட்ட பிறகும் மெல்லிய காற்றில் இறக்கைகளைச் சுழலவிடுவதற்கு என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. ஓஅஹு தீவில் 30 காற்றாலைகள் கொண்ட கவாய்லோவா திட்டம், 2019-இல் மீயொலி எழுப்பி வௌவால்களை விலக்கும் கருவிகளையும் பொருத்தியது. அதன் வரம்பும் அதே ஆண்டு 60-இலிருந்து 220 ஆனது.

இந்தக் கடமையைப் பல்லில்லாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்று முகத்துவாரத்தில் டெல்டா ஸ்மெல்ட் என்ற விரல் நீள மீன் வாழ்கிறது. கையில் எடுத்தால் வெள்ளரிக்காய் வாசனை வரும்! ஆற்று நீரைத் தெற்கே அனுப்பும் பெரிய பம்புகள் இந்த மீனை இழுத்துக்கொள்கின்றன. அதே சட்டத்தின் வேறொரு பிரிவின் கீழ் 2005-இல் எழுதிய ஆவணம், தகவமைப்பு மேலாண்மையால் மீனைக் காப்போம் என்றது. எப்படி? மீனின் எண்ணிக்கை குறைந்தால் ஒரு குழு கூடும், விவாதிக்கும், பரிந்துரைக்கும். பம்பைக் குறைத்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. 2007 மே மாதம் நீதிபதி ஆலிவர் வேங்கர் இதை ஏற்கவில்லை. அளவிடக்கூடிய இலக்கும் கட்டாய நடவடிக்கையும் இல்லாத ஏற்பாட்டை நம்பி மீனுக்கு ஆபத்தில்லை என்று சொல்ல முடியாது என்பது அவர் தீர்ப்பின் சாரம். கூட்டம் போடுவது மீனைக் காப்பாற்றாது. எந்த எண்ணைத் தொட்டால், யார், எத்தனை நாளுக்குள், எதைச் செய்ய வேண்டும் என்று முன்பே எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு முடிச்சு. 1998 முதல் ஒரு விதி இருக்கிறது. திட்டத்தை ஒழுங்காக நிறைவேற்றும் அனுமதிதாரரிடம், எதிர்பாராதது நடந்துவிட்டது என்று சொல்லி அரசு கூடுதல் நிலமோ தண்ணீரோ பணமோ கேட்க முடியாது. எதிர்பார்த்திருக்கக்கூடிய மாற்றங்களுக்கு மட்டும் திட்டத்திலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். முதலீடு செய்பவருக்கு இது தேவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வறட்சி, தீ, புதிய நோய் ஆகியவற்றைத் திட்டம் எழுதும்போது விட்டுவிட்டால், அதன் சுமை பிறகு பொதுமக்கள் தலையிலும் விலங்கின் தலையிலும் விழும். திட்டத்தை எழுதுகிற அந்தச் சில மாதங்களில்தான் அரசுக்கு உண்மையான பலம் இருக்கிறது.

இனி 140-க்கு வருவோம். மோசடி என்று நான் சொல்லமாட்டேன். உண்மையான எண்ணை வெளியே கொண்டுவந்ததே இந்தக் கண்காணிப்புதான். பழைய 21-ஐக் கட்டிக்காக்க யாரும் உடல்களை மறைக்கவில்லை, கணக்கைக் குறைக்கவில்லை. ஆனால் என் மனம் சமாதானம் ஆகவில்லை. ஏனென்றால் மொத்தம் எத்தனை வௌவால்கள் என்று தெரியாது என்றேனே. 140 எதில் 140? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதபோது வரம்பை உயர்த்துவது எளிதான வழியாக இருக்கக் கூடாது. முதலில் இறக்கைகள் நிற்கும் நேரம் கூட வேண்டும். அதன் பலன் போதாது என்று கணக்கு காட்டிய பிறகே எண்ணைத் தொட வேண்டும். ஹவாய் மாநிலச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போய், இப்படிப்பட்ட திட்டங்களால் அந்த உயிரினத்துக்கு நிகர நன்மை கிடைக்க வேண்டும் என்கிறது. தொகை தெரியாத ஓர் இனத்துக்கு நன்மை கிடைத்ததா என்று எதைக் கொண்டு அளப்பது? ஈட்டுப் பணத்தின் ஒரு பகுதி வௌவால் ஆராய்ச்சிக்குப் போவதை நான் வரவேற்பது இதனால்தான்.

இந்தத் திட்டங்களின் ஆண்டறிக்கைகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். கிடைத்த உடல்கள், எலிச் சோதனையின் முடிவு, கணக்கிட்ட இறப்பு எல்லாம் அட்டவணையாக இருக்கின்றன. அடுத்த வீடியோவில் கவாய் தீவின் கடற்பறவைகளையும் அவை இரவில் மோதும் மின்கம்பிகளையும் பார்ப்போம். வீடியோ பிடித்திருந்தால் சேனலில் இணைந்துகொள்ளுங்கள். நன்றி.